ஏழு கறுப்புக் கட்டங்கள்

கார் கழிந்து கூதிர் புகுந்திருந்தது. வானம் பெய்வதாகவும் இல்லை, ஓய்ந்ததாகவும் இல்லை. பிழியாமல் விட்ட துணிபோல் நகரின்மேல் தொங்கிக்கிடந்தது. வெயிலுக்கு வர மனமில்லை, இருளுக்கு விலக மனமில்லை. மதில்களின் அடியில் பாசி படர்ந்தது. மரங்கள் தம் இலைகளில் தேக்கிவைத்த நீரைக் காற்று கேட்டபோதெல்லாம் சிறிது சிறிதாக ஈந்தன. கதவுகள் ஈரத்தில் ஊதி, திறப்பதற்கும் முனகின, மூடுவதற்கும் முனகின. பழம்புலவர்கள் இப்பருவத்தைப் பிரிந்தவர்க்கு உரியதென்று ஒதுக்கிவைத்தார்கள். காத்திருப்பவர்க்கும் இது உரியதே. அடுத்த விசாரணை நாளுக்காகக் காத்திருப்போரை மட்டும் அவர்கள் பாடாமல் விட்டது, அக்காலத்தில் ஆணையங்கள் இல்லாமையால் இருக்கலாம்.

மனித உரிமை மையத்தின் அலுவலகம் ஒரு கண்ணாடிக் கடையின் மாடியில் இருந்தது. முன்னறையில் மனுக் கொடுக்க வருவோர் அமர ஒரு நீள்பலகை. உள்ளறையில் நான்கு இரும்பு அலமாரிகள், ஒரு கணினி, ஒழுகும் கூரைக்கு நேர்கீழே ஒரு வாளி. அந்த உள்ளறையில் பத்தொன்பது ஆண்டுகளாக உட்கார்ந்து, பிறருக்கு நேர்ந்த கொடுமைகளை நாள், நேரம், இடம், சாட்சி என்று வகுத்து எழுதுவதே தொழிலாகக் கொண்டவளை எல்லாரும் எழுத்தம்மா என்றே அழைத்தார்கள். அவள் பதிகங்களில் தோய்ந்தவள். சினம் வந்தால் கத்தமாட்டாள். உதடு அசையாமல் ஒரு பதிகத்தை முதலிலிருந்து கடைசிவரை ஓட்டுவாள். அன்று நண்பகலுக்குள் மூன்று பதிகங்கள் ஓடி முடிந்திருந்தன. சினம் தணியவில்லை. அது அவள்மேலேயே அவளுக்கு வந்த சினம்.

வழக்கு எளியது. நகரின் பெரிய மருத்துவமனை ஒன்றின் நிலவறையில் கழிவுநீர்த் தொட்டி ஒன்று உண்டு. அதன் இயந்திரம் அடைத்துக்கொள்ளும்போதெல்லாம், துப்புரவுப் பெண்கள் ஏழு பேரை வாளிகளோடு இறக்கிவிடுவார்கள். மனிதரை அதில் இறக்கலாகாது என்று சட்டம் இருந்தது. சட்டம் மேல்மாடியில் இருந்தது, தொட்டி கீழே இருந்தது. எழுவரும் ஒரே குடியில் பிறந்தவர்கள். அந்தக் குடியில் பிறந்தவர்க்கு இந்த வேலைக்கான கதவு ஒன்றுதான் திறக்கும். ஏனைய கதவுகள் ‘பார்த்துச் சொல்கிறோம்’ என்று சொல்லிச் சாத்திக்கொள்ளும்.

எழுவரில் ஒருத்தி, உயரத்தால் நெட்டையம்மா என்று பெயர் பெற்றவள், ஒருநாள் படியின் மேலேயே நின்றுவிட்டாள். “இனிமே நான் இறங்கமாட்டேன்” என்றாள். மறுநாள் வாயிலில் அவளை உள்ளே விடவில்லை. இருபத்திரண்டு ஆண்டு உழைப்பு ஒரு காவலாளியின் கையசைப்பில் முடிந்தது. அவளை மீண்டும் வேலையில் அமர்த்த வேண்டும் என்பதே மையம் ஆணையத்தில் தொடுத்த மனு.

மருத்துவமனையின் பதில் அழகாகத் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. எங்கள் தொட்டியில் எவரும் இறங்கியதில்லை. எனவே இறங்க மறுத்தார் என்னும் பேச்சுக்கே இடமில்லை. அவர் சொல்லாமல் கொள்ளாமல் தாமே நின்றுவிட்டார். மீதி ஆறு பேரில் நால்வர் தாங்கள் இறங்கியதே இல்லை என்று கையெழுத்திட்டிருந்தார்கள். இருவர் வாய் திறக்கவில்லை. அஞ்சினார்கள், அஞ்சுவதற்குக் காரணம் இருந்தது.

ஆகவே எல்லாம் நான்கு படங்களில் வந்து நின்றது. நெட்டையம்மா மறுத்ததற்கு மூன்று வாரம் முன்பு, எழுத்தம்மாவே நிலவறையின் பின்வாசல் வழியே போய் எடுத்த படங்கள். ஏழு பெண்களும் வாளிகளோடு தொட்டிப் படியில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள். சுவரில் மருத்துவமனையின் முத்திரை. எல்லாம் தெளிவாக விழுந்திருந்தது. ஏழு முகங்கள் மட்டும் இல்லை. ஒவ்வொரு முகத்தின்மேலும் ஒரு கறுப்புக் கட்டம்.

அதைப் போட்டவளும் அவளே.

பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு வழக்கில் மையத்தின் படக்கருவி பறிபோயிற்று. பறித்தவர்கள் அதிலிருந்த முகங்களைக்கொண்டு பதினோரு பேரைத் தேடிப்பிடித்து வதைத்தார்கள். அன்றே எழுத்தம்மா ஒரு விதி எழுதினாள்: பாதிக்கப்பட்டோர் படம் எதுவாயினும் எடுத்த அன்றே முகத்தை மறைத்துவிட வேண்டும், மறைக்காத மூலப்படத்தை அன்றே அழித்துவிட வேண்டும். நல்ல விதி, சட்டமிட்டுச் சுவரில் மாட்டத்தக்க விதி, மாட்டியும் இருந்தார்கள். காவலுக்குப் போட்ட வேலியே பயிரை மேய்ந்தது.

ஆணையத்தின் தலைவி படத்தைச் சன்னல் பக்கம் தூக்கிப் பார்த்தது இன்னும் அவள் கண்ணில் நின்றது.

“வக்கீல் சார், முகமெல்லாம் எங்கே?”

மையத்தின் வக்கீல் தொண்டையைச் செருமினார். “பாதுகாப்புக்காக மறைச்சிருக்கோம், மேடம்.”

“யார்கிட்டேர்ந்து?”

“எதிர்த்தரப்புக்கிட்டேர்ந்து.”

“எதிர்த்தரப்புதான் இவங்க எங்க ஆளே இல்லைன்னு சொல்றாங்களே. அவங்க வேலையை நீங்களே சுலபமாக்கிட்டீங்க. மறைக்காத படம் இருக்குல்ல?”

“இல்லை, மேடம்.”

“ஏன்?”

“அழிச்சிட்டோம்.”

“அதுவும் பாதுகாப்புக்கா?”

மருத்துவமனையின் வக்கீல் சிரிப்பைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். மையத்தார் எங்கிருந்தோ ஏழு பேரைக் கூட்டிவந்து நாடகம் ஆடி எடுத்த படம் இது என்றார். அன்று எழுவரும் மூன்றாம் மாடியில் வேலை பார்த்ததாக மேற்பார்வையாளர் எழுதிய வருகைப்பட்டியலை நீட்டினார். படத்திலிருப்போர் இன்னார் என்று ஒன்பது நாளில் நிறுவவேண்டும், இல்லையேல் மனு முடித்துவைக்கப்படும் என்று தலைவி எழுதிக் கையெழுத்திட்டாள். மேற்பார்வையாளரை அந்த ஒன்பதாம் நாளே குறுக்கு விசாரணை செய்துகொள்ளலாம் என்றும் சொன்னாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் வக்கீல் குடையை மூலையில் எறிந்தார். குடை விரிந்துகொண்டு, வேண்டுமென்றே செய்ததுபோல் நடுவழியில் நின்றது.

“ஏம்மா, பத்தொன்பது வருஷமா எழுதறீங்க. ஒரே ஒரு பிரதி, ஒண்ணே ஒண்ணு, பூட்டி வெச்சிருக்கக்கூடாதா?”

“விதியில அப்படி இல்லை, சார்.”

“விதியை எழுதினது யாரு?”

“நான்தான்.”

“அப்போ விதியைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை” என்றார் வக்கீல். குடையைக் காலால் தள்ளினார். அது மடங்க மறுத்தது. “எனக்கு வாய்ச்ச குடையும் அப்படி, எனக்கு வாய்ச்ச கட்சிக்காரங்களும் அப்படி.”

எழுத்தம்மா நான்காம் பதிகத்தைத் தொடங்கினாள்.

வீட்டில் கணவன், ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவன், முழுக் கதையையும் கேட்டான். “மறைக்கறதுக்கு முன்னாடி அவங்களைக் கேட்டியா?” என்று மட்டும் வினவினான்.

“எதைக் கேக்கணும்?”

“மறைக்கலாமான்னு.”

பத்தொன்பது ஆண்டுகளில் இக்கேள்வி எவரும் கேளாதது. அவளும் கேளாதது. “போங்க, போய் உங்க பிழையைத் திருத்துங்க” என்றாள். அவன் சிரித்துக்கொண்டே எழுந்து போனான். அந்தச் சிரிப்பு அவளுக்குத் தாங்கவில்லை.

மறுநாள் காலை நெட்டையம்மாவின் இடத்துக்குப் போனாள். மருத்துவமனையின் சலவைக் கொட்டகைகளுக்குப் பின்னால் வரிசையாக ஓரறை வீடுகள். கொட்டகையின் வெந்நீர் வாடை அங்கே எப்போதும் நிற்கும். நெட்டையம்மா தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, கிழிந்த படுக்கை விரிப்புகளைத் துடைக்கும் துணிகளாகக் கிழித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய நாத்தனார், எழுவரில் ஒருத்தி, வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். இறங்கவில்லை என்று கையெழுத்திட்ட நால்வருள் அவளும் ஒருத்தி. எழுத்தம்மாவைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“அவளை முறைக்காதே, எழுத்தம்மா” என்றாள் நெட்டையம்மா. “கையெழுத்துப் போட்ட கையும் அதுதான், இப்போ எனக்குச் சோறு போடற கையும் அதுதான். ரெண்டையும் வெட்டினா நான் எங்கே போவேன்? உக்காரு.”

எழுத்தம்மா உட்கார்ந்து நடந்ததைச் சொன்னாள். எதையும் குறைக்கவில்லை, மழுப்பவில்லை. படத்தின் பிரதியை எடுத்து நீட்டினாள். நெட்டையம்மா வாங்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். துணி கிழிக்கும் கை நின்றுவிட்டது.

“இது என்ன?”

“உங்க முகத்தை மறைச்சிருக்கேன், அக்கா. உங்க நல்லதுக்குத்தான்.”

“மறைக்கச் சொல்லி நாங்க கேட்டமா?”

“இல்லை.”

“நீ படம் எடுக்க வர்றேன்னு தெரிஞ்சதும் ஏழு பேரும் தலை வாரிக்கிட்டு வந்தோம், தெரியுமா? தொட்டியில இறங்கறதுக்குத் தலை வாரிக்கிட்டு! இவ கண்ணுக்கு மையே வெச்சுக்கிட்டா. எதுக்குடி மை, சாக்கடைக்கான்னு நான் சிரிச்சேன். ‘எங்கேயோ பெரிய இடத்துல பார்ப்பாங்க, அண்ணி’ன்னா.” நாத்தனார் கதவருகில் நின்று தரையைப் பார்த்தாள். “நீ என்னடான்னா அடுப்புக்கரியை எடுத்து அப்பின மாதிரி அப்பி வெச்சிருக்கே. ஏம்மா, நாங்க திருடினோமா? திருடனுக்குத்தானே முகத்தை மூடுவாங்க!”

“என் தப்புதான், அக்கா.”

“தப்புன்னா சின்னத் தப்பா? ஊரே எங்களைப் பார்க்காம போகுது, அது பழக்கமாயிடுச்சு. எங்களுக்காகப் பேச வந்தவளும் மூடிட்டாளே.”

எழுத்தம்மாவுக்கு எந்தப் பதிகமும் வாயில் வரவில்லை. மழை கூரையில் தட்டிற்று. நாத்தனார் நேரமாகிறது என்று சொல்லாமல் நின்றாள், போகவும் இல்லை.

நெட்டையம்மா படத்தை மறுபடி எடுத்தாள். இம்முறை கறுப்புக் கட்டங்களை விட்டு அவற்றின் கீழே பார்த்தாள். “இவளைப் பாரு, வாளியைத் தளும்பத் தளும்ப ரொப்பியிருக்கா” என்றாள், தன்னையறியாமல். “விசில் பார்த்தா கத்துவான்.”

“விசில் யாரு?”

“மேற்பார்வைக்காரன். விசில் ஊதித்தான் கூப்பிடுவான், பேர் சொல்ல மாட்டான். வேலையில நொட்டை கண்டுட்டான்னா அவனால வாயை மூட முடியாது. செத்த வீட்டுக்கு வந்தாக்கூட, துடைப்பத்தை ஏன் இப்படிச் சாய்ச்சு வெச்சிருக்கேன்னு கேப்பான்.” அவள் நிறுத்தினாள். நாத்தனாரைப் பார்த்தாள். நாத்தனாரும் அவளைப் பார்த்தாள். ஆறு மாதமாகப் பேசாததை அந்தப் பார்வையில் பேசிக்கொண்டார்கள்.

“எழுத்தம்மா, அவனைத்தானே விசாரிக்கப் போறீங்க?”

“ஆமா.”

“ஆள் யாருன்னு கேக்காதீங்க. கேட்டா தெரியாதுன்னு மனப்பாடம் பண்ணிக்கிட்டு வந்திருப்பான். வேலை எப்படியிருக்குன்னு கேளுங்க.”

வக்கீல் இதைக் கேட்டுத் தலையில் கைவைத்துக்கொண்டார். “எதிர்த்தரப்புச் சாட்சியை நம்பி வழக்கு நடத்தற முதல் ஆள் நானாத்தான் இருப்பேன். ஊர் சிரிக்கும்” என்றார். ஆனால் அவரிடம் வேறு வழியும் இல்லை. இருந்திருந்தால் மீதியிருந்த எட்டு நாளும் அவர் அதைத் தேடிக் களைத்திருக்கமாட்டார்.

ஒன்பதாம் நாள் ஆணையத்தின் அறை ஈரக்கம்பள வாடை வீசிற்று. விசில்காரர் நன்கு தேய்த்த உடுப்பில் வந்தார். சட்டைப் பையிலிருந்து விசிலின் கயிறு எட்டிப் பார்த்தது. சாட்சிக் கூண்டின் கைப்பிடியை விரலால் தேய்த்து, விரலில் படிந்த தூசியைப் பார்த்து, முகம் சுளித்தார். அதைக் கண்டபோதுதான் எழுத்தம்மாவுக்கு முதன்முதலாக நம்பிக்கை பிறந்தது.

“எத்தனை வருஷமா மேற்பார்வை பார்க்கறீங்க?” என்று வக்கீல் தொடங்கினார்.

“பதினேழு வருஷம். என் கண்ணுல படாம ஒரு துடைப்பம் அசையாது.”

“இந்தப் படத்துல இருக்கறவங்க யாருன்னு நான் கேக்கப்போறதில்லை. முகம் தெரியலை. அந்தப் புண்ணியத்தை எங்க மையமே கட்டிக்கிச்சு.” அறையில் சிரிப்பு எழுந்தது. எழுத்தம்மா கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். “வேலையை மட்டும் பாருங்க. அனுபவஸ்தர்னு கேக்கறேன். உங்க கண்காணிப்புல இப்படி வேலை நடந்தா ஒத்துக்குவீங்களா?”

விசில்காரர் படத்தை வாங்கினார். முதலில் அலட்சியமாக நோக்கினார். பிறகு புருவம் சுருங்கிற்று. படத்தை அருகில் கொண்டுபோனார்.

“இது வேலையா, சார்? வாளியைத் தளும்ப ரொப்பியிருக்கு. படியெல்லாம் சிந்தும், அப்புறம் படியைக் கழுவ ரெண்டு மணி நேரம். முக்கால் வாளிதான்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்! இந்த மூணாவது எப்பவும் இடது கையிலதான் தூக்கும். வலது கையில தூக்குன்னா காதுலயே வாங்காது. இது ரெண்டும் சேர்ந்தா கதை பேசிக்கிட்டு நிக்கும், பிரிச்சுப் போடணும். கடைசியில வர்றதைப் பாருங்க, ரெண்டு ரெண்டு படியாத் தாவுது. கால் நீளம்ங்கற திமிரு. வழுக்கி விழுந்தா நான்தானே பதில் சொல்லணும்? சொன்னா, ‘அப்போ நீங்க இறங்குங்க’ன்னு என்னையே…”

சுருக்கெழுத்தரின் விசைப்பலகை ஒலி நின்றது. அதுவரை அது ஒலித்துக்கொண்டிருந்தது என்பதே அப்போதுதான் எல்லாருக்கும் தெரிந்தது.

மருத்துவமனையின் வக்கீல் எழுந்தார். “மேடம், அவர் பொதுவாச் சொல்றார்.”

“பொதுவாச் சொல்றவருக்கு எப்படிங்க ‘எத்தனை தடவை சொல்லியிருக்கேன்’னு வரும்? உக்காருங்க.” தலைவி விசில்காரர் பக்கம் திரும்பினாள். குரலில் கடுமை இல்லை. உண்மையாகவே அறிய விரும்பும் குரல் அது. “முகமே தெரியலையே. எப்படி ஒவ்வொருத்தரையும் சொன்னீங்க?”

விசில்காரருக்கு அது தம் திறமையைப் பற்றிய கேள்வியாகப்பட்டது. நிமிர்ந்து நின்றார்.

“முகமா? முகத்தை எதுக்கு மேடம் பார்க்கணும்? பதினேழு வருஷமா முதுகைப் பார்த்துத்தான் வேலை வாங்கறேன். எதிர்ல வந்தா அடையாளம் தெரியாது. குனிஞ்சு நின்னா நூறு பேர்ல சொல்லுவேன்.”

சொல்லி முடித்த பிறகு அவர் தம் வக்கீலைப் பார்த்தார். அவ்வக்கீல் கைக்குட்டையை வெளியே எடுத்திருந்தார். இம்முறை அது நெற்றியைத் துடைப்பதற்கு. சாட்சியின் கை மெல்லத் தாழ்ந்து கைப்பிடியைப் பற்றிக்கொண்டது. பின்வரிசையில் நெட்டையம்மா அசையாமல் இருந்தாள். வெற்றி பெற்றவள் முகம் அவளிடம் இல்லை. அவள் அருகில், வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்திருந்த நாத்தனார் எழுந்தாள்.

“அந்த இடதுகைக்காரி நான்தாங்க” என்றாள். “எழுதிக் கொடுத்தது பொய்ங்க. நாங்க ஏழு பேரும் இறங்கினோம்.” எதிர்பாராத தெளிவோடு சேர்த்துச் சொன்னாள்: “வலது தோள் தொட்டியில விழுந்ததுல இறங்கிப்போச்சு. அதான் இடது கை. அதை இவர் கேட்டதே இல்லை.”

தலைவி நெடுநேரம் எழுதினாள். நெட்டையம்மாவை இருபத்திரண்டு ஆண்டுப் பணித்தொடர்ச்சியோடு திரும்ப அமர்த்தவேண்டும். தொட்டியின் வாயை இரும்பு மூடியிட்டு அடைத்து, கழிவை இயந்திரத்தால் மட்டுமே அகற்றவேண்டும். சொல்லை மாற்றிச் சொன்னார் என்று எவரையும் தண்டிக்கலாகாது. வருகைப்பட்டியல் தனி விசாரணைக்குப் போகும். எழுதி முடித்தபின் கண்ணாடியைக் கழற்றினாள்.

“மையத்துக்கு ஒரு வார்த்தை. இன்னிக்கு உங்களைக் காப்பாத்தினது உங்க ஆவணம் இல்லை. எதிர்த்தரப்புச் சாட்சியோட வாய். அது எல்லா நாளும் கிடைக்காது.”

“கிடைக்காது, மேடம்” என்றாள் எழுத்தம்மா. சட்டமிட்டு மாட்டிய விதியை அன்று மாலை இறக்கினாள். ‘அவரைக் கேட்டு’ என்று இரண்டு சொல்லைச் சேர்த்து எழுத அவளுக்கு ஒரு மணி நேரம் ஆயிற்று. மறைக்காத பிரதியை எங்கே பூட்டிவைப்பது, சாவி யாரிடம் இருப்பது என்று வக்கீலோடு சண்டையிட மேலும் இரண்டு மணி நேரம் ஆயிற்று.

பனி இறங்கத் தொடங்கிய ஒரு காலையில் நெட்டையம்மா வேலைக்குத் திரும்பினாள். துணைக்குப் போன எழுத்தம்மாவின் பொறுமைக்கு வாயிலிலேயே கடைசிச் சோதனை காத்திருந்தது. ஆணையின் ஒவ்வொரு பக்கத்திலும் முத்திரை வேண்டும் என்றான் காவலாளி. இருக்கிறது என்று காட்டினாள். பின்பக்கத்தில் இல்லையே என்றான். பின்பக்கம் வெறுந்தாள் ஐயா என்றாள். வெறுந்தாளாயிருந்தாலும் பக்கம் பக்கம்தானே என்றான் அவன். அவள் ஒரு பதிகத்தின் பாதிவரை போனாள், அதற்குள் நெட்டையம்மா குனியாமல் அவன் கண்ணை நேராகப் பார்த்து, “தம்பி, நல்லாப் பாரு. என்னைத் தெரியலையா? இருபத்திரண்டு வருஷம்” என்றாள். காவலாளி பார்த்தான். கதவு திறந்தது.

கைப்பதிவு இட்டபின் அவள் நேரே மாடிக்குப் போகவில்லை. நிலவறைக்கு இறங்கினாள்; எழுத்தம்மாவும் நாத்தனாரும் பின்னே போனார்கள். தொட்டியின் வாயில் புது இரும்பு மூடி இருந்தது. நான்கு மூலையிலும் திருகாணி. வண்ணம் இன்னும் முற்றக் காயவில்லை. நெட்டையம்மா செருப்பைக் கழற்றிவிட்டு அதன்முன் நின்றாள். அவளுக்கு முன் அவள் தாய் அங்கே இறங்கியவள். தாய்க்கு முன் யார் யாரோ. எழுத்தம்மா தனக்குத் தெரிந்த பதிகங்களில் ஒன்றைத் தேடினாள், எதுவும் பொருந்தவில்லை, தேடுவதை விட்டாள். நெட்டையம்மா கைகுவித்துக் கண் மூடி, ஒரு சொல்லும் இன்றி, மூச்சு வந்துபோவது மட்டும் கேட்க, வெகுநேரம் நின்றாள். மற்ற இருவரும் கைகுவித்தார்கள்.

பிறகு அவள் கண் திறந்து, ஒரு கையை நாத்தனாரின் தலையிலும் ஒரு கையை எழுத்தம்மாவின் தலையிலும் வைத்தாள்.

“நல்லா இருங்க. இனிமே பொறக்கறவங்க ஒருத்தருக்கும் இந்தப் படி தெரியாமப் போகட்டும்.”